ஒல்லாந்தர் இல்லத்தில் விருந்தினன்

முன்னுரை

கல்வியின் பொருட்டுப் பிறந்த ஊரைப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஓதல், பகை, தூது என்னும் மூன்றையும் பிரிவுக்குரிய காரணங்களாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஓதல் முதலிடம் பெறுகின்றது. ஆயினும் ஓதச் சென்றவன் அயலூரில் எவர் வீட்டில் தங்கினான், எதனை உண்டான், அவ்வீட்டாரோடு எங்ஙனம் பழகினான் என்பன பற்றி நம் இலக்கியங்கள் மிகுதியும் பேசுவதில்லை.

விருந்தோம்பலைப் பற்றியோ நாம் நிறையவே பேசியிருக்கிறோம். திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ‘விருந்து’ என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருளாகும். ஆனால் அவ்வறம் பெரிதும் விருந்தளிப்போனை நோக்கி உரைக்கப்பட்டது. விருந்தினனாகச் செல்வோன் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. இன்று நம் மாணவர் பலர் உயர்கல்வி நாடிக் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களுள் சிலர் விடுதியில் தங்காமல் அந்நாட்டுக் குடும்பங்களோடு வாழ்கின்றனர். அவர்களுக்கு இவ்விரண்டாம் பகுதியே மிகவும் வேண்டப்படுவதாகும்.

நம் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர் 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு இறுதியில் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகருக்கு முதுகலை பயிலச் சென்றார். அங்கு ஒரு குடும்பத்தின் இல்லத்தில் அறையும் இரவு உணவும் பெறும் ஏற்பாட்டில் தங்கினார். அவர் நமக்கு எழுதிய செய்திகளையும், அந்நாட்டைக் குறித்து நாம் அறிந்தனவற்றையும் துணையாகக் கொண்டு, அயல்நாட்டு இல்லமொன்றில் கழியும் முதல் நாள்களைப் பற்றிச் சில எண்ணங்களை இக்கட்டுரையில் முன்வைக்க விழைகிறோம்.

லைடன் நகரும் தமிழும்

நெதர்லாந்து நாட்டை நாம் ஹாலந்து என்றும், அதன் மக்களை ஒல்லாந்தர் என்றும் வழங்குகிறோம். உண்மையில் ஹாலந்து என்பது அந்நாட்டின் ஒரு பகுதியே. வட ஹாலந்து, தென் ஹாலந்து என இரு மாகாணங்கள் அங்கு உள்ளன. லைடன் நகர் தென் ஹாலந்தில் அமைந்துள்ளது.

ஒல்லாந்தர் நமக்கு அயலாராயினும் அறியாதவர் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் பழவேற்காட்டில் காலூன்றினர். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றி 1781 வரை ஆண்டனர். அவர்கள் போயினும் அவர்தம் சொற்கள் சில நம்மிடையே தங்கிவிட்டன. ‘துட்டு’ என்று நாம் வழங்கும் சொல் அவர்தம் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். அலுவலகத்தை ஈழத்தமிழர் ‘கந்தோர்’ என்பதும் அவர் மொழி தந்ததே. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறும் செப்பேடுகள், நெடுங்காலம் லைடனில் இருந்தமையால் ‘லைடன் செப்பேடுகள்’ என்றே ஆய்வாளரிடையே பெயர் பெற்றன. கடல் கடந்த நாட்டு மன்னன் நம் மண்ணில் எழுப்பிய விகாரத்திற்குத் தமிழ் மன்னன் ஊர் அளித்த வரலாறு அது. அயலாரை ஏற்றுப் போற்றிய சான்றொன்று அயலார் நகரின் பெயராலேயே அறியப்படுவது எண்ணத்தக்கது.

லைடன் பல்கலைக்கழகம் 1575இல் தோன்றியது. அங்கு 1613இல் அரபு மொழிப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற எர்ப்பேனியுஸ் என்பார் அதே ஆண்டில் அரபு இலக்கண நூலொன்றையும் வெளியிட்டார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கீழை மொழிகளைப் பயிலும் நகரம் அது. அத்தகைய நகரத்திலும் ஓர் இளைஞனின் முதல் நான்கு நாள்கள் இடருற்றன. அதன் காரணம் மொழியறிவின் குறைவன்று. வீட்டாரும் அவரும் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசினர். இடர் வேறோரிடத்திலிருந்து வந்தது.

முதல் மாலை

ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்கிபோல் வானூர்தி நிலையம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3 மீட்டர் கீழே உள்ளது. அவ்விடம் முன்னர்ப் பெரியதோர் ஏரியாக இருந்தது. அதன் நீரை இறைத்து 1852இல் நிலமாக்கினர். அங்கிருந்து தொடர்வண்டியில் லைடன் நகரை இருபது நிமிடங்களில் அடையலாம். நம் மாணவர் வீட்டு வாயிலை அடைந்தபோது மாலை ஏழரை மணி. கதிரவன் மறையவில்லை. ஆகஸ்ட்டு இறுதியில் அங்குக் கதிரவன் மறைவது எட்டரை மணி அளவில்.

கணவர் பள்ளி ஆசிரியர்; மனைவி செவிலியர்; பிள்ளைகள் இருவர். அனைவரும் வாயிலுக்கு வந்து கைகொடுத்துப் பெயர் சொல்லி வரவேற்றனர். பெயர் என்றால் வெறும் பெயரே. ‘ஐயா’, ‘அம்மா’ எனும் அடைமொழி எதுவும் இல்லை. தம் தாயின் வயதொத்த ஒருவரைப் பெயரிட்டு அழைப்பதற்கு நம் மாணவர்க்கு நா எழவில்லை. டச்சு மொழியிலும் நம் மொழியைப் போன்றே ‘நீ’, ‘நீங்கள்’ எனும் வேறுபாடு உண்டு. எனினும் வீட்டிற்குள் பெரும்பாலும் ‘நீ’யே ஆட்சி செய்கிறது. மதிப்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவனை வீட்டுள் ஒருவனாகக் கொள்கின்றனர் என்பதே பொருள்.

பின்னர் வீட்டைச் சுற்றிக் காட்டினர். ஏணியெனச் செங்குத்தாக உயரும் படிக்கட்டு. தெருவை நோக்கிய பெரிய சாளரம். திரையிருந்தும் இழுத்து மூடாத வரவேற்பறை. மாடியில் அவர்க்கென ஒதுக்கிய அறை. அதன்பின் வீட்டுத் தலைவி வினவினார்: “நாங்கள் ஆறு மணிக்கே உண்டுவிட்டோம். உனக்குப் பசிக்கிறதா? ரொட்டியும் சூப்பும் இருக்கின்றன.”

நம் மாணவர் “வேண்டாம், பரவாயில்லை” என்றார்.

“நல்லது, அப்படியானால் இளைப்பாறு” என்று கூறி அவரும் அகன்றார்.

இச்சிறு உரையாடலில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுதும் அடங்கியுள்ளது. நம் ஊரில் முதல் முறை கேட்கும்போது ‘வேண்டாம்’ என்பது மறுப்பாகாது. அது ஒரு பணிவு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வற்புறுத்தி, கையைப் பிடித்து இழுத்து இலைமுன் அமர்த்துவதே நம் வழக்கம். கேட்பவரும் மறுப்பவரும் அதனை நன்கு அறிவர். ஒல்லாந்தர் இல்லத்தில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றே பொருள். மறுத்தவனை மீண்டும் வற்புறுத்துவது அவன் சொல்லை நம்பாமையாகும். அவன் உரிமையில் தலையிடுவதுமாகும். ஆகவே அந்த அம்மையார் மாணவரை மதித்து விலகினார். மாணவரோ மீண்டும் அழைப்பார் என மாடியில் காத்திருந்தார். இரவு பத்து மணிக்கு வீட்டார் விளக்கணைத்தனர். உம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை உண்டு, குழாய் நீரைப் பருகி அவர் உறங்கினார்.

உணவு மேசை

அந்நாட்டில் சூடான உணவு பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒருமுறையே. அது மாலை ஆறு மணி அளவில் நிகழும். காலையும் நண்பகலும் ரொட்டியே. வெண்ணெய் தடவி, அதன்மேல் பாலாடைக்கட்டியோ நிலக்கடலைக் கூழோ வைத்து உண்பர். சிறுவர் முதல் முதியோர் வரை விரும்பும் மற்றொன்றும் உண்டு. வெண்ணெய் தடவிய ரொட்டியின்மேல் சாக்லேட்டுத் துணுக்குகளைத் தூவுவர். அதன் பெயருக்கு ஆலங்கட்டி மழை என்பது பொருள். மூவேளையும் சோறு கண்ட நம் மாணவர்க்கு இது சிற்றுண்டியாகத் தோன்றியதில் வியப்பில்லை. மேசைமேல் ரொட்டி முழுதும் இருந்தது. எவரும் எடுத்துப் பரிமாறவில்லை. இரண்டு துண்டுகளை உண்டபின் மூன்றாவதை எடுக்க அவர்க்குக் கூச்சமாக இருந்தது. அங்கோ எடுப்பவன் தானே எடுத்துக்கொள்வான், தடுப்பார் இல்லை.

இரண்டாம் நாள் மாலை உருளைக்கிழங்கும் அவித்த பச்சைப் பயற்றங்காயும் இறைச்சி உருண்டையும் பரிமாறப்பட்டன. அவ்விறைச்சி ஹலால் அன்று என்பதால் அதனை அவர் தொடவில்லை. ஆனால் காரணத்தைக் கூறவில்லை. “வயிறு நிறைந்துவிட்டது” என்றார். சமைத்தவர் மனம் நோகலாகாது என்பது அவர் எண்ணம். சமைத்தவரோ தம் சமையல் பிடிக்கவில்லை போலும் என்றெண்ணி நொந்தார்.

மூன்றாம் நாள் வீட்டுத் தலைவியின் தாயார் காப்பி பருக வந்திருந்தார். ஒரு கோப்பைக் காப்பிக்கு ஒரு பிஸ்கட்டு. அதன்பின் பிஸ்கட்டுத் தகரப்பெட்டியின் மூடி மூடப்பட்டது. இரண்டாம் கோப்பைக்குப் பெட்டி மீண்டும் திறந்தது. டச்சுக்காரர்கள் தம்மையே நகையாடிக் கூறிக்கொள்ளும் வழக்கம் இது. நம் மாணவர்க்கோ அது நகையாகப்படவில்லை. அன்றிரவு உம்மாவுடன் தொலைபேசியில் பேசியபோது, அங்கு மணி ஆறரை. நம் ஊரில் இரவு பத்து. “என்ன சாப்பிட்டாய்?” எனும் வழக்கமான வினாவிற்கு “வயிறு நிறையச் சாப்பிட்டேன்” என்றார். அதே இரவில் நண்பர் ஒருவருக்கு, “இவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் கை இறுகியவர்கள்” என எழுதினார். இத்தகைய தீர்ப்புகள் முதல் வாரத்தில் எழுதப்படுகின்றன. பின்னர் ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்கின்றன. அயல்நாட்டைப் பற்றி நாம் கேள்வியுறும் குறைகளுள் எத்தனை இவ்வாறு பிறந்தனவோ என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொழுகையும் தூய்மையும்

உணவில் நேர்ந்ததே தொழுகையிலும் நேர்ந்தது. நம் நாட்டில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர்க்கு லைடன் நகரில் கிப்லா தென்கிழக்கே அமைகிறது. காலமும் மாறுகிறது. ஆகஸ்ட்டு இறுதியில் மஃரிப் எட்டரை மணிக்குமேல். இஷாவோ பத்து மணியையும் கடக்கும். சூன் திங்களில் கதிரவன் மறைவதே பத்து மணிக்கு. டிசம்பரிலோ நண்பகல் கடந்த நான்கு மணி நேரத்திற்குள் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வந்துவிடுகின்றன. இவற்றைக் கணித்துக்கொள்ளுதல் எளிது. கைப்பேசியே காட்டிவிடும். வீட்டாரிடம் விளக்குதலே அரிதாயிற்று.

உளூச் செய்வதற்காகக் கழுவு தொட்டியின்மேல் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. தரையில் நீர் சிந்தியது. அந்நாட்டுக் குளியலறைகள் பலவற்றில் நீராடும் இடத்தைத் தவிர மற்றத் தரை உலர்ந்தே இருத்தல் வழக்கம். கழிவறையோ தனியிடம், அங்கு நீருக்கு மாற்றாகத் தாளே உண்டு. வீட்டின் இளைய மகன் வழுக்கி விழ நேர்ந்தது. நள்ளிரவை ஒட்டி மாடியில் நடமாட்டம் கேட்டது. வீட்டார் தமக்குள் வியந்தனரேயன்றி வினவவில்லை. ஒருவன் அறைக்குள் செய்வது அவனுடைய காரியம் என்பது அவர்தம் கொள்கை. கேட்டால் சொல்லலாம் என மாணவர் இருந்தார். சொன்னால் கேட்கலாம் என வீட்டார் இருந்தனர். இரு சாராரும் நற்பண்பினரே. இரு பண்பும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் வீட்டில் மௌனம் வளர்ந்தது.

நான்காம் நாள்

நான்காம் நாள் மாலை, உணவு மேசையிலேயே அம்மௌனம் கலைந்தது. வீட்டுத் தலைவி நேராகவே கேட்டுவிட்டார்: “நான்கு நாளாகப் பார்க்கிறேன், நீ சரியாக உண்ணவில்லை. எங்கள் உணவு உனக்குப் பிடிக்கவில்லையா? உடல்நலம் இல்லையா? சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்!”

இத்தகைய நேர்ப்பேச்சு நம் செவிக்குக் கடுமையாகப்படும். பிள்ளைகளின் முன்னிலையில் தம்மைக் கண்டித்துவிட்டதாகவே மாணவர் முதலில் கருதினார். ஆனால் அக்குரலில் சினம் இல்லை, கவலையே இருந்தது. செவிலித் தொழில் செய்பவர் அவர். உண்ணாத இளைஞன் ஒருவன் தம் கூரையின்கீழ் இருப்பது அவரை உறுத்தியது. மாணவர் எல்லாவற்றையும் கூறினார். எவ்விறைச்சி ஆகும், எது ஆகாது. மீனும் முட்டையும் காய்கறியும் தடையில்லை. முதல் முறை மறுப்பது எங்கள் ஊரில் பணிவு. நாளொன்றுக்கு ஐவேளைத் தொழுகை உண்டு. அதற்குமுன் கைகால்களைக் கழுவுதல் கடமை.

அம்மையார் உடனே தாளும் எழுதுகோலும் எடுத்துக் குறித்துக்கொண்டார். துருக்கியரும் மொராக்கோவினரும் நடத்தும் கடைகளில் ஹலால் இறைச்சி கிடைக்கும் என்றும், அது தாம் அறிந்ததே என்றும் கூறினார். துருக்கியுடன் 1964இலும் மொராக்கோவுடன் 1969இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வழியே அந்நாடுகளின் தொழிலாளர் நெதர்லாந்துக்கு வரலாயினர். ஆதலின் இசுலாமிய வாழ்வு அந்நாட்டார்க்கு அறவே புதியதன்று. தம் மருத்துவமனையிலேயே அவ்வாறு உண்போர் பலர் உளர் என்றார் அவர். “முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே செய்திருப்பேன்” என்பதே அவருடைய ஒரே குறை. உளூவுக்கென நீராடுமிடத்தில் ஒரு முக்காலி வைக்கப்பட்டது. தொழுகை நேரங்களை எழுதிய தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. சிக்கல் தீர்வதற்கு ஆன நேரம் அரை மணி.

அவரும் ஒன்று கேட்டறிந்தார். “அப்படியானால் உன்னிடம் எத்தனை முறை கேட்க வேண்டும்?” என்றார். “மூன்று முறை” என்றார் மாணவர். அன்று தொடங்கி அவ்வீட்டுப் பாட்டியார் காப்பிக்கு வரும் நாள்களில், பிஸ்கட்டுப் பெட்டியை அவர்முன் மும்முறை நீட்டிச் சிரிப்பதை வழக்கமாகக் கொண்டார். மாணவரும் முதல் முறையிலேயே எடுத்துக்கொள்ளப் பழகினார்.

சொல்லும் பண்பின் வேர்

இந்நேர்ப்பேச்சு எங்கிருந்து வந்தது? அறிஞர் பல காரணங்களைக் காட்டுவர். அவற்றுள் நீரைக் காரணமாகக் காட்டுவோரின் கருத்து நம் உள்ளத்தைக் கவர்கிறது. நெதர்லாந்து நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. கரைகட்டிக் காக்கவும், மிகுநீரை இறைத்து வெளியேற்றவும் அந்நாட்டார் நீர் வாரியங்களை அமைத்தனர். லைடன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரைன்லாண்ட் வாரியம் 13ஆம் நூற்றாண்டிலேயே செயற்பட்டது. இன்றும் செயற்படுகிறது. கரையில் கசிவைக் கண்டவன், சொன்னால் பிறர் மனம் நோகுமோ எனத் தயங்கி வாளாவிருந்தால் தன் வயலோடு அண்டையான் வயலும் மூழ்கும். 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு தொடங்கிய கடற்பெருக்கில் அந்நாட்டில் 1836 பேர் மாண்டனர். இத்தகைய நிலத்தில் வாழ்வோர்க்குக் குறையை ஒளிவின்றி உரைப்பதும், கூடிப்பேசி முடிவு செய்வதும் பழக்கமாயின என்பது அவர்தம் வாதம். முழுக் காரணம் அதுவே எனக் கூறுதற்கில்லை; எனினும் பொருத்தமுடையதாகவே தோன்றுகிறது.

அவர்களைக் கை இறுகியவர்கள் என்ற தீர்ப்பையும் வரலாற்றின் ஒளியில் நோக்குதல் தகும். லைடன் நகர் பசியை அறிந்த நகர். 1574இல் ஸ்பானியப் படை அதனை முற்றுகையிட்டபோது பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். கரைகளை உடைத்து வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்தி, அவ்வெள்ளத்தின்மீது படகுகளைச் செலுத்தி, அக்டோபர் 3ஆம் நாள் நகரை மீட்டனர். பசித்திருந்தோர்க்கு அன்று ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்கப்பட்டன. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அந்நகரார் அவற்றையே உண்டு விழாக் கொண்டாடுகின்றனர். கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த உணவும் அன்று வீடுதோறும் சமைக்கப்படும். பல்கலைக்கழகமே அம்முற்றுகையைத் தாங்கிய நகரார்க்குப் பரிசாக அளிக்கப்பட்டது என்பர்.

அண்மைக் காலத்திலும் ஒரு பசி உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், செருமானியர் ஆட்சியின்கீழ் இருந்த மேற்கு நெதர்லாந்தில் உணவும் எரிபொருளும் அற்று ஏறத்தாழ 20,000 மக்கள் இறந்தனர். துலிப் மலர்க்கிழங்கை அவித்து உண்டனர். அவ்வீட்டுப் பாட்டியார் அக்காலத்தில் சிறுமி. அவர் மாணவரிடம் கூறியது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை: “பசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் வீட்டில் ஒருவன் பசித்திருக்க விடமாட்டேன். ஆனால் பசிக்கவில்லை என்று சொல்பவனின் வயிற்றுக்குள் நான் எப்படிப் பார்ப்பது?”

அளந்து எடுத்தலும் வீணாக்காமையும் ஈயாமை ஆகா. கேட்டதும் சமையல் முறையையே மாற்றிக்கொண்ட கை இறுகிய கையன்று.

மூன்று நாளும் அதன் பின்னரும்

விருந்தோம்பல் மூன்று நாள். அதற்குமேல் அளிப்பது தருமமாகும். விருந்தளிப்போனுக்கு இடர் நேருமளவு விருந்தினன் தங்கலாகாது என்னும் கருத்தமைந்த நபிமொழி நம்மவர் அறிந்ததே. விருந்தளிப்போன் கடமையோடு விருந்தினன் கடமையையும் ஒருங்கே வரையறுத்தது அதன் சிறப்பு. மூன்று நாள் கடந்தவன் விருந்தினனாகவே நீடித்தல் தகாது. சுமையாகாமல் வாழும் வழியை அவன் தேட வேண்டும்.

நம் மாணவர்க்கும் நான்காம் நாளிலேயே திருப்பம் நேர்ந்தது. விருந்தினர் என்னும் நிலை நீங்கி அவர் வீட்டுள் ஒருவரானார். நெடுநாள் தங்க வருவோர் ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிந்துகொள்ளுதல் அந்நாட்டு விதி. பிறர் வீட்டில் தங்குவோர்க்கு அவ்வீட்டாரின் எழுத்து வடிவ இசைவும் தேவைப்படும். அவ்விசைவைக் கணவர் எழுதிக் கொடுத்தார். பரணில் கிடந்த பழைய மிதிவண்டியைத் துடைத்துக் கொடுத்து, இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிதல் கட்டாயம் என்றார். கூடவே பணிகளும் பகிரப்பட்டன. செவ்வாய்க்கிழமை பாத்திரம் கழுவுதல் அவர் பங்கு. காகிதமும் கண்ணாடியும் காய்கறிக் கழிவும் வேறுவேறாகப் பிரித்தல் எல்லார்க்கும் பொது. வாரத்தில் ஒருநாள் சமைக்கும் பொறுப்பையும் அவர் தாமே கேட்டு ஏற்றார். நெய்ச்சோறும் பருப்பும் அவ்வீட்டு மேசைக்கு வந்தன.

ஒல்லாந்தர் வீட்டுக் கழிவறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி ஒன்று தொங்குவது பரவலான வழக்கம். உற்றார் உறவினர் பெயர்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் எல்லார் கண்ணிலும் படும் இடம் அதுவே என்பது அவர்தம் எண்ணம். பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் பிறந்தவர்க்கு மட்டுமன்றி, அவர் பெற்றோர், உடன்பிறந்தார், வந்திருப்போர் அனைவர்க்கும் கைகொடுத்து வாழ்த்துரைப்பர். இரண்டாம் வாரத்தில் வீட்டின் இளைய மகன் மாணவரின் பிறந்தநாளைக் கேட்டுத் தன் கையெழுத்தில் அந்நாட்காட்டியில் குறித்தான்.

இவ்வாறு நேர்ந்தமையால் எல்லா வீடுகளும் ஒரே தன்மையன எனக் கொள்ளலாகாது. சூரினாம், துருக்கி, மொராக்கோ, இந்தோனேசியா ஆகிய நாடுகளை வேராகக் கொண்ட குடும்பங்களும் இன்று டச்சுக் குடும்பங்களே. அவ்வீடுகளில் விருந்தோம்பும் முறை நம் முறைக்கு அணித்தாகவும் இருக்கலாம். ஆயினும் எவ்வீட்டிற்குச் செல்வோர்க்கும் பொருந்துவன சில உண்டு.

மாணவர் உளங்கொள்ளத்தக்கன

1. ‘வேண்டும்’ என்பதையும் ‘வேண்டாம்’ என்பதையும் உள்ளவாறே உரைத்தல் வேண்டும். மறுமுறை கேட்பர் எனக் காத்திருத்தல் பசியில் முடியும்.

2. உணவு, தொழுகை, நோன்பு ஆகியன பற்றி முதல் நாளிலேயே, முடியுமாயின் புறப்படும் முன்னரே எழுத்தில் தெரிவித்தல் நன்று. நம் சமயக் கடமையைக் கூறுதல் பிறரைப் புண்படுத்துவதன்று. காரணம் கூறாமல் மறுத்தலே புண்படுத்தும்.

3. நேரம் குறித்தால் அந்நேரத்திற்கே வருதல் வேண்டும். ஆறு மணி உணவுக்கு வர இயலாதெனின் முன்னரே அறிவித்தல் வேண்டும். எண்ணிச் சமைக்கும் வீட்டில் வருகையும் வாராமையும் கணக்கில் சேரும்.

4. பிறர் நேராகக் கூறுவதைப் பகையாகக் கொள்ளலாகாது. குறையை முகத்தெதிரே கூறியவர், புறத்தே கூறாதிருக்கும் நேர்மையினர்.

5. மூன்று நாளுக்குப்பின் வீட்டுப் பணியில் பங்கு கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாமல் ஒருவரும் தரமாட்டார்.

6. முதல் வாரத்தில் எவரைப் பற்றியும் தீர்ப்பெழுதுதல் கூடாது.

முடிவுரை

கூச்சமும் தயக்கமும் நம் பண்பாட்டின் அணிகலன்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றைப் புரிந்துகொள்ளும் மக்களிடையே அவை ஒளிர்கின்றன. நம் ஊரில் வாய் பேசாத இடத்தில் முகம் பேசும். முகத்தைக் கண்டே உள்ளத்தை அறியும் உறவினர் சூழ வாழ்கிறோம். அயல்நாட்டார்க்கு நம் முகத்தைப் படிக்கும் பழக்கம் இல்லை. அவர்கள் நம் சொல்லையே நம்புகின்றனர். சொல்லை நம்புவோரிடம் சொல்லை மறைத்தல், விருந்தளிக்க வந்தவர் கையைத் தட்டிவிடுதலை ஒக்கும்.

பெற்றோரும் இதில் ஒரு பங்கு ஏற்றல் வேண்டும். பிள்ளைகளை அனுப்பும்போது ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுக்கிறோம். “அங்கே போய் யாரிடமும் எதுவும் கேட்காதே” என்னும் அறிவுரையையும் சேர்த்தே கட்டிவிடுகிறோம். நம் மாணவர் நான்கு நாள் பசித்திருந்ததற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணம் என அவரே எழுதியுள்ளார். இனி அனுப்புவோர் “வேண்டியதைப் பணிவோடு கேள், ஆகாததைப் பணிவோடு சொல்” எனக் கூறி அனுப்புதல் நலம். அப்பணிவு நம்முடையதாகவே இருக்கலாம். சொல் மட்டும் அவ்வீட்டார்க்கு விளங்குவதாக இருத்தல் வேண்டும்.